வேலியோரம் வந்தது எந்தப் பூனை?

விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் கேமராவில் ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கும். ஏழு மணிக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அது சிறுத்தையாகிவிடும். எட்டு மணிக்கு, குட்டியோடு வந்த சிறுத்தை. சமவெளி ஊர்களில் இப்படிக் கிளம்பும் சிறுத்தைகளில் பல, கடைசியில் காட்டுப்பூனையாகவோ மரநாயாகவோ தின்று கொழுத்த கடுவன் பூனையாகவோ முடிகின்றன. நீலகிரி, வால்பாறை பக்கத்து மலையூர்களில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அங்கே தேயிலைக்குள்ளிருந்து நிஜமாகவே சிறுத்தை வரும்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பக்கம் கண்ணில் படக்கூடிய சிறிய காட்டு இனங்கள் மூன்று: காட்டுப்பூனை, செம்புள்ளிப் பூனை, சிறுத்தைப் பூனை. இலங்கையில் சிறுத்தைப் பூனை கிடையாது. அங்கே மற்ற இரண்டோடு மீன்பிடிப் பூனை உண்டு. பெரியதில் சிறுத்தை இரண்டு நாட்டிலும் இருக்கிறது. புலி வாசலுக்கு வந்தால் அதை அடையாளம் காண யாருக்கும் கட்டுரை தேவைப்படாது.

புள்ளியை விடுங்கள், வாலைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தையும் புள்ளியையும். ஏமாற்றுவதும் அவைதான். தெருவின் மஞ்சள் விளக்கில் சாம்பல் பூனை செம்பழுப்பாகத் தெரியும். கேமராவின் அகச்சிவப்பு ஒளியில் செம்பழுப்பு வெளிறி வெள்ளையாகிவிடும். அளவு அதைவிட மோசம். இருட்டில் தனியாக நிற்கும் விலங்குக்குப் பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பயம் வேறு சேர்ந்தால் நான்கு கிலோ பூனை நாற்பது கிலோவாகிவிடும்.

வால் அப்படி ஏமாற்றாது. பார்க்க வேண்டியது அதன் நீளத்தை அல்ல, மூக்கு நுனியிலிருந்து வாலடி வரையுள்ள உடம்பில் வால் எத்தனை பங்கு என்பதை. விலங்கு பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அந்தப் பங்கு மாறாது.

வீடியோ இருந்தால், விலங்கு முழுப் பக்கவாட்டில் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை போன் திரையின் மேல் வைத்து உடம்பின் நீளத்தைப் பேனாவால் குறியுங்கள். அதே காகிதத்தை வாலோடு சேர்த்துப் பாருங்கள். வால் வளைந்திருந்தால் காகிதத்துக்குப் பதில் நூல். குறைந்தது மூன்று இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். ஓடும்போது வால் மங்கிப் பாதி மறைந்து, வீட்டுப் பூனையைக் காட்டுப்பூனையாக்கிவிடும். கேமராவை நோக்கி வரும் காட்சியும் விலகிப் போகும் காட்சியும் இதற்கு உதவாது.

வால் உடம்பில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினால் காட்டுப்பூனை அல்லது மீன்பிடிப் பூனை. பாதிக்குப் பக்கமாக இருந்தால் செம்புள்ளிப் பூனை அல்லது சிறுத்தைப் பூனை. பாதியைச் சற்றுத் தாண்டி, நுனிவரை ஒல்லியாகப் போனால் பெரும்பாலும் வீட்டுப் பூனை. பாதிக்கு மேல், கயிறு போலத் தடித்து, தரைக்கு அருகில் தொங்கி நுனி மேலே சுருண்டிருந்தால் சிறுத்தை. உடம்பு அளவுக்கு வாலும் இருந்தால் அது பூனையே இல்லை, மரநாய்.

அடுத்து காது, அதுவும் காதின் பின்புறம். விலங்கு குனிந்து மோப்பம் பிடிக்கும் நொடியில் அது தெரியும். கறுப்புக் காதில் நடுவே பளிச்சென்று வெள்ளைப் பொட்டு இருந்தால் சிறுத்தைப் பூனை, மீன்பிடிப் பூனை, சிறுத்தை, புலி இவற்றில் ஒன்று. வீட்டுப் பூனையின் காதுக்குப் பின்னால் உடம்பின் நிறமேதான் இருக்கும். காட்டுப்பூனைக்குச் செம்பழுப்பு.

காட்டுப்பூனை

சமவெளியில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். கரும்புத் தோட்டம், ஏரிக்கரை நாணல், சீமைக் கருவேலம் மண்டிய தரிசு, மனை போட்டு வீடு கட்டாமல் கிடக்கும் புறநகர் என்று எலி இருக்கும் இடமெல்லாம் இருக்கும். சங்கப் பாடல்களில் வெருகு என்று வருவதையும் உரைகாரர்கள் காட்டுப்பூனை என்றே சொல்கிறார்கள். அங்கேயும் அது ஊர்க்கோழியைத்தான் குறி வைக்கிறது.

உடம்பு 60 முதல் 75 செ.மீ., வால் 21 முதல் 27 செ.மீ., எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. ஆனால் இந்த எண்ணைவிட நிற்கும் வாகுதான் காட்டிக்கொடுக்கும். கால்கள் நீளம். பக்கவாட்டில் பார்த்தால் பூனையின் உடம்பை ஒரு சிறிய நாயின் காலில் வைத்தது போல இருக்கும். நிமிர்ந்த பெரிய காதுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி உச்சியில் நிற்கும், நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர்க்கற்றை. உடம்பில் புள்ளியும் இல்லை, வரியும் இல்லை. மணல் நிறம் அல்லது வெளிறிய சாம்பல் பழுப்பு. கால்களின் உட்புறம் மட்டும் மங்கலான பட்டைகள். வாலின் கடைசிப் பகுதியில் சில கருவளையங்கள், நுனி கறுப்பு. வாலைத் தொங்கவிட்டால் பின்னங்காலில் பின்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் மூட்டளவுக்குத்தான் வரும்.

காதுக் கற்றையைப் பார்த்துவிட்டு கேரகல் என்ற இன்னொரு காட்டுப் பூனை இனம் என்று எழுதுபவர்கள் உண்டு. கேரகலுக்கு அந்தக் கற்றை விரல் நீளத்துக்குத் தொங்கும். இந்தியாவில் அது ராஜஸ்தான், கட்ச் பக்கத்து விலங்கு. தமிழ்நாட்டு வரப்பில் கேரகல் நடக்காது.

செம்பழுப்பு நாட்டுப் பூனையோடு குழப்பம் வருவது இயல்பு. வீட்டுப் பூனைக்கு உடம்பில் வரி இருக்கும், நெற்றியில் ஆங்கில எம் எழுத்து போன்ற கோடு தெளிவாக இருக்கும், வயிற்றில் அல்லது பாதத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும். பாதத்தில் வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல் இருந்தால் அங்கேயே முடித்துவிடலாம், எந்தக் காட்டு இனத்துக்கும் அது கிடையாது.

நேரமும் ஒரு துப்பு. காட்டுப்பூனை பகலிலும் வரும். காலை எட்டு மணி வெயிலில் வரப்பின் மேல் நிதானமாக நடந்து போவதைப் பார்க்கலாம். மற்ற சிறு இனங்கள் பெரும்பாலும் இரவுக்காரர்கள்.

கோழியைக் கொண்டுபோகிறது என்ற புகார் பொய்யில்லை. ஆனால் அதன் அன்றாடச் சாப்பாடு எலி. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் கணக்கிட்டபோது ஒரு காட்டுப்பூனை நாளைக்கு 3 முதல் 5 எலிவரை தின்கிறது என்று தெரிந்தது. நெல் வயல் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு புரியும். கோழிக்கூண்டுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் போட்டு, அடியில் வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு அதே வலையை மண்ணுக்குள் படுக்கவைத்துவிட்டால் பிரச்சினை அடங்கிவிடும். அறுகோண ஓட்டையுள்ள மெல்லிய கோழிவலை போதாது. பிய்த்துவிடும்.

செம்புள்ளிப் பூனை

துரும்பன் பூனை என்றும் எழுதுகிறார்கள். உலகத்திலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் மூன்று நாட்டில் மட்டும் உண்டு. வளர்ந்ததே 1 முதல் 1.6 கிலோதான். உடம்பு 35 முதல் 48 செ.மீ., வால் அதில் பாதி.

இதைக் காட்டு இனம் என்று நம்புவதே கஷ்டம். நாலைந்து மாத வீட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்துப் பால் ஊற்றுவார்கள். கிராமத்து வீடுகளின் ஓட்டுக்கூரையில், பரணில் குட்டி போடும் வழக்கம் இதற்கு இருப்பதால், "பரணில் பூனை குட்டி போட்டிருக்கிறது" என்று சொல்லும்போது ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கே உற்றுப் பார்ப்பது? முதலில் முகம். இரண்டு கண்களின் உள்பக்கத்திலும் மூக்கையொட்டி நெற்றிவரை மேலேறும் வெள்ளைக் கோடுகள் பட்டையாக, திருநீறு இட்டது போல் தெரியும். கண்கள் முகத்துக்கு மீறிய பெரியவை. காது சிறியது, வட்டமானது. வீட்டுப் பூனைக்குட்டிக்கோ காது முகத்துக்கு மிஞ்சிப் பெரிதாகவும் கூராகவும் இருக்கும். பிறகு முதுகு: தலையிலிருந்து பிடரி வழியாகக் கோடுகள் இறங்கி, முதுகிலும் விலாவிலும் துருப்பிடித்த நிறத்தில் சிறு புள்ளிகளாக உடைந்து வரிசை கட்டும். அடிநிறம் சாம்பல். கடைசியாக வால். அதில் தெளிவான வளையமோ புள்ளியோ இருக்காது, ஒரே நிறமாகச் செம்மை கலந்து போகும். உடம்பில் புள்ளி வரிசை, வாலில் ஒன்றுமில்லை என்ற இந்தச் சேர்க்கை வீட்டுப் பூனையில் அபூர்வம். புள்ளியும் வரியும் உள்ள நாட்டுப் பூனைக்கு வாலில் வளையம் அநேகமாக உண்டு.

இரவு டார்ச் வெளிச்சத்தில் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது இதன் வழக்கம். மலையடிவாரப் புதர்க்காடு, பாறைக்குன்று, அதையொட்டிய தோட்டம் இவையெல்லாம் இதன் இடம். அகச்சிவப்புக் கேமராவில் மட்டும் இதன் துருப்புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது வாலும் முகக்கோடும்தான் கைகொடுக்கும்.

சிறுத்தைப் பூனை

பெயரால் வரும் குழப்பம் இதற்குத்தான் அதிகம். "சிறுத்தைக்குட்டி செத்துக் கிடக்கிறது" என்று மலைப்பாதையிலிருந்து வரும் படத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பக்கத்து விலங்கு. நீலகிரி, வால்பாறை, குடகு எனக் காபியும் தேயிலையும் இருக்கும் இடங்களில் பார்க்கலாம். வெயில் காயும் சமவெளி இதற்கு ஆகாது. மதுரையிலோ திருச்சியிலோ பார்த்தேன் என்றால் முதலில் வேறு ஏதாவதா என்று யோசியுங்கள்.

அளவு வீட்டுப் பூனைதான், எடை சுமார் 2 முதல் 4 கிலோ. கால் சற்று நீளம், தலை சிறியது. மஞ்சள் பழுப்பு உடம்பில் கறுப்பு அல்லது கரும்பழுப்புப் புள்ளிகள். சிறுத்தையின் புள்ளி பூவைப் போல நடுவில் வெளிறி ஓரம் உடைந்த வளையமாக இருக்கும். சிறுத்தைப் பூனைக்கோ பெரும்பாலும் மை தொட்டு வைத்தது போலக் கெட்டியான பொட்டு. வாலிலும் புள்ளி உண்டு, நுனிப்பக்கம் அவை வளையமாகச் சேரும். காதின் பின்னால் கறுப்பில் வெள்ளைப் பொட்டு.

நகரத்தில் இப்போது புதிதாக ஒரு சிக்கல். பெங்கால் என்று விற்கும் வளர்ப்புப் பூனை, இந்தச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து உருவாக்கிய இனம். வீட்டை விட்டுத் தப்பி ஓடியது தெருவில் திரிந்தால் யாரும் ஏமாறுவார்கள். காதைப் பாருங்கள், தெளிவான வெள்ளைப் பொட்டு அதற்கு அநேகமாக இருக்காது. மாடிப்படியில் மனிதரைக் கண்டு ஓடாமல் கத்தினால் மிச்ச ஆராய்ச்சி வேண்டாம், உரிமையாளரைத் தேடலாம்.

இலங்கையில் மீன்பிடிப் பூனை

கொழும்பின் சதுப்பு நிலங்களையொட்டி வீடுள்ளவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விலங்கு. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற கொழும்பில், கால்வாய்க் கரை வழியாக வந்து வீட்டுத் தொட்டியின் அலங்கார மீன்களைத் தூக்கிப்போகும் அளவுக்கு இது நகரத்தோடு பழகியிருக்கிறது. இந்தியாவில் சுந்தரவனம், ஒடிசாவின் சிலிகா, ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்கள் பக்கம் உண்டு.

எடை 5 முதல் 16 கிலோ வரை போகும். வீட்டுப் பூனையைப் போல இரண்டு மூன்று மடங்கு. கட்டுமஸ்தான உடம்பு, குட்டைக் கால், தட்டையான அகன்ற முகம், சிறிய வட்டக் காது. ஆலிவ் கலந்த சாம்பல் மேல் நீளவாக்கில் இழுத்த கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடும். வால் குட்டை, தடிமன், உடம்பில் மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டும். சிறுத்தையிலிருந்து பிரிக்க அந்த வால் ஒன்றே போதும்.

சிங்களத்தில் இதற்கு ஹந்துன் திவியா என்று பெயர். செம்புள்ளிப் பூனைக்கும் கொல திவியா என்கிறார்கள். திவியா என்றால் சிறுத்தை. அயலவர் "திவியா வந்தது" என்று சொன்னால் எந்தத் திவியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றரைக் கிலோவிலிருந்து ஐம்பது கிலோ வரை அந்தச் சொல்லில் அடங்கும்.

பூனை மாதிரி, ஆனால் பூனை இல்லை

கேமராவில் விழும் இரவு விருந்தாளிகளில் மரநாய்க்கே முதலிடம். நீண்ட கூர்மூக்கு, கீரியைப் போலத் தாழ்ந்த நீள உடம்பு, உடம்பு நீளத்துக்கு மயிரடர்ந்த கருவால். முகத்தில் முகமூடி போலக் கருமையும் கண்ணருகே வெளிர்ப் பொட்டும். மின்கம்பியிலும் மதில் விளிம்பிலும் சர்வசாதாரணமாக நடக்கும். பரணில் தடதடவென்று ஓடினால், பப்பாளியைக் கடித்து வைத்திருந்தால், எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடந்தால் மரநாய்தான். பூனையின் எச்சத்தில் எலி மயிரும் எலும்பும் இருக்கும், கொட்டை இருக்காது.

புனுகுப்பூனைக்குப் பெயரில்தான் பூனை. சாம்பல் உடம்பில் புள்ளி வரிசை, முதுகில் நீளக்கோடுகள், வால் முழுக்க அடியிலிருந்தே கறுப்பு வெள்ளை வளையங்கள். "புள்ளி இருந்தது, வாலில் பட்டை இருந்தது" என்று யாராவது சொன்னால் மூக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். கூர்மூக்கு என்றால் இது.

தரையில் விட்டுப்போன சாட்சி

விலங்கைப் பார்க்காமல் தடம் மட்டும் கிடைத்தால், முதலில் நாயைக் கழியுங்கள். சிறுத்தைத் தடம் என்று வட்டமிட்டு அனுப்பப்படும் படங்களில் பல நாயுடையவை. நாய்த்தடத்தில் நகக்குறி முன்னால் குத்தி நிற்கும். நான்கு விரலும் நடுவே கோடு போட்டால் இரு பாதியும் ஒத்திருக்கும்படி அமையும். பூனைக் குடும்பம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் குறி விழாது. விரல்கள் ஒருபக்கம் சாய்ந்து, நம் கைவிரல்களைப் போல ஒன்று மட்டும் முன்னே நீண்டிருக்கும். உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று மேடாக அலையடிக்கும். ஈரச் சேற்றில் வழுக்கிய பூனையும் நகத்தை நீட்டும் என்பதால் நகக்குறியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுதாக உள்ளே போவதும் இல்லை. ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய்ப் பக்கம் யோசியுங்கள்.

அளவுகோல் இல்லாவிட்டால் பையில் இருக்கும் பணம் போதும். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 2.7 செ.மீ. ஐநூறு ரூபாய்த் தாளின் அகலம் 6.6 செ.மீ., நீளம் 15. வீட்டுப் பூனைத் தடம் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது, 3 முதல் 3.5 செ.மீ. செம்புள்ளிப் பூனையுடையது அதற்கும் சிறியது. காட்டுப்பூனை சுமார் 5க்கு 6 செ.மீ., தாளின் அகலத்துக்குள் அடங்கும். அடிக்கும் அடிக்கும் இடைவெளி 30 செ.மீ. வாக்கில் இருக்கும். வளர்ந்த சிறுத்தையுடையது தாளின் அகலத்தைத் தாண்டி 7, 8 செ.மீ. போகும்.

அளக்கும்போது தடத்தின் அடித்தளத்தை அளக்க வேண்டும், மேல்விளிம்பை அல்ல. சேற்றில் கால் பதிந்து எடுக்கும்போது விளிம்பு பிதுங்கி அகலும். அதை அளந்தால் காட்டுப்பூனை சிறுத்தையாகும். மழை பெய்து காய்ந்த தடமும் இப்படித்தான் ஊதிப்போகும். நாணயத்தைத் தடத்தின் பக்கத்தில் வைத்து, போனைத் தலைக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் எந்த அளவும் நிற்காது. காலை ஏழுக்கு முன் வெயில் சாய்வாக விழும்போது மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

கேமராவில் உயரம் பிடிப்பது

வாசல் கேமராவின் அகல லென்ஸ், அருகில் வருவதைப் பூதாகரமாகவும் ஓரத்தில் இருப்பதை இழுத்தும் காட்டும். அதனால் படத்தைப் பார்த்து "மூன்றடி இருக்கும்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. செய்ய வேண்டியது இது. விலங்கின் கால் தரையில் பட்ட இடத்தை வீடியோவில் குறித்துக்கொள்ளுங்கள், தரை ஓட்டின் மூலை, பூந்தொட்டி, கேட் கம்பி என்று ஏதாவது அடையாளம் இருக்கும். பகலில் ஒருவர் அதே இடத்தில் அளவு குறித்த குச்சியையோ துடைப்பத்தையோ செங்குத்தாக நிறுத்தட்டும். அதே கேமராவில், கோணம் மாற்றாமல், படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓரடி தள்ளி நிறுத்தினாலும் கணக்கு தவறும்.

பின்னால் ஹாலோ பிளாக் சுவர் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், அதாவது 40க்கு 20 செ.மீ. விலங்கு சுவரையொட்டி நடந்திருந்தால் மட்டும் இது செல்லும். தோளுயரம் ஒரு கல்லுக்குச் சற்று மேல் என்றால் வீட்டுப் பூனை, ஒன்றே முக்கால் கல் என்றால் காட்டுப்பூனை, இரண்டரைக் கல்லுக்கு மேல் என்றால் சிறுத்தை. சுவருக்குப் பூச்சு பூசியிருந்தால் கல் வரிசை தெரியாது, குச்சிதான்.

கறுப்பாகத் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். நீலகிரியில் கருஞ்சிறுத்தை உண்டு. காட்டுப்பூனையிலும் கறுப்பு பிறக்கும். தெருவில் கறுப்பு நாட்டுப் பூனைக்குப் பஞ்சமே இல்லை. திரும்பவும் வால்தான். கூடவே ஒரு வசதி: அகச்சிவப்பு ஒளியில் கருஞ்சிறுத்தையின் பூப்புள்ளிகள் மங்கலாக மேலெழுந்து தெரியும், கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

யாரோ அனுப்பிய வீடியோ என்றால், அடையாளம் காண்பதற்கு முன் எங்கே, எந்தத் தேதி, யாருடைய கேமரா என்று கேளுங்கள். வேறு மாநிலத்துப் பழைய வீடியோ ஊர் பெயர் மாறி வருவது வாடிக்கை. இப்போது கணினியில் செய்த படமும் சேர்ந்துவிட்டது.

குட்டி கிடைத்தால்

அடையாளப் பிழை உயிரைக் குடிக்கும் இடம் இதுதான். கரும்பு வெட்டும்போது சோகைக்குள், அதாவது காய்ந்த கரும்புத் தோகைக்குள், இரண்டு மூன்று குட்டி கிடக்கும். பாவம் என்று வீட்டுக்கு எடுத்து வந்து பசும்பால் கொடுப்பார்கள், வயிற்றுப்போக்கில் போய்விடும்.

காட்டுப்பூனைக் குட்டிக்குப் புள்ளியும் வரியும் இருக்கும், வளர வளர மறையும். அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் சிறுத்தைக்குட்டி என்கிறார்கள். சிறுத்தைக்குட்டி பிறக்கும்போதே அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். பாதம் உடம்புக்குப் பொருந்தாமல் பருத்திருக்கும், காது சிறியது, வட்டம். மயிர் கம்பளி போல, புள்ளிகள் இடைவெளியில்லாமல் நெருங்கிச் சாம்பல் பூத்துத் தெரியும். காட்டுப்பூனைக் குட்டிக்குப் பாதம் ஒல்லி, காது பெரிது. ஒன்றேகால் கிலோ எடையில் தடுமாறி நடந்தால் அது சிறுத்தைக்குட்டியாக இருக்கலாம். அதே எடையில் சுவரேறித் தாவினால் அது வளர்ந்த செம்புள்ளிப் பூனை.

எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. அந்தப் பக்கம் வெட்டுவதை நிறுத்தி, குட்டிகளைச் சுற்றி நாலைந்து மீட்டர் கரும்பை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் விலக வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வெட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், வனத்துறையினர் ஓரம் தாழ்ந்த தக்காளிக் கிரேட் ஒன்றில் சோகை போட்டுக் குட்டிகளை அதே இடத்தில் வைத்து, நாய் வராதபடி தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். தாய் இரவில் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விப்போகும். ஒரு குட்டி மட்டும் தனியாகக் கிடந்தால் தாய் மற்றவற்றை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பக்கத்துக் கரும்புக் காடுகளில் சிறுத்தைக்குட்டிகளையே இப்படித் தாயோடு சேர்த்திருக்கிறார்கள். சிறுத்தைக்குட்டி என்று சந்தேகம் வந்தால் கிரேட் வேலைக்கு உதவக்கூட நீங்கள் இறங்கக் கூடாது. தாய் பத்தடியில் இருக்கலாம்.

நிஜமாகவே சிறுத்தை என்றால்

வாசலில் இருந்து வேடிக்கை பார்க்காதீர்கள். நாயை உள்ளே கட்டுங்கள், வெளிவிளக்கைப் போடுங்கள், அது வந்த வழியை மறிக்காதீர்கள். விபத்து பெரும்பாலும் நடப்பது கூட்டம் சுற்றி நின்று, அதற்குப் போக வழியில்லாதபோதுதான். வீட்டுக்குள்ளோ கொட்டகைக்குள்ளோ புகுந்துவிட்டால் கதவை வெளியே சாத்திவிட்டு வனத்துறை வரும்வரை தெருவைக் காலி செய்யுங்கள். எல்லாக் காட்டுப் பூனை இனங்களும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும், இலங்கையில் 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் உட்பட்டவை. நீங்களே பொறி வைப்பதும் பிடித்து வேறு ஊரில் விடுவதும் குற்றம். எந்த இனத்தின் கடியோ கீறலோ பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விட வேண்டும்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால்

உயிரோடு ஓடும் விலங்கில் தெரியாதது எல்லாம் இதில் தெரியும், ஆனால் ஐந்து படம் ஒழுங்காக வேண்டும். வண்டியை ஓரம் கட்டி, பின்னால் வருபவர் பார்க்கும்படி விளக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். உடம்பின் பக்கத்தில் உங்கள் செருப்பை வைத்து முழு நீளம் ஒன்று. வால் அடிமுதல் நுனிவரை ஒன்று. காதின் பின்புறம், குச்சியால் நிமிர்த்தி ஒன்று. முகம் நேராக ஒன்று. முன்னங்காலின் அடிப்புறம் ஒன்று. அதில் விரல்களுக்கு நடுவே தோல் இணைந்திருந்தால் மீன்பிடிப் பூனைக்கு அது முக்கிய சாட்சி. கையால் தொடாதீர்கள். தோலோ நகமோ எடுத்து வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம். போனில் இருப்பிடத்தைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தால் கிலோமீட்டர் கல் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பை அளந்து அந்த எண்ணையும் படத்தோடு சேர்த்து வனத்துறைக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது வெறும் செருப்புப் படம்தான்.